வெள்ளைக் கச்சை

ஒரு கலையில் தேர்ந்தவரைப் பற்றிப் பேசுவோர் பலர். அதைக் கற்கத் தொடங்குபவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. வென்றவனுக்கு மாலை உண்டு. தோற்றவனுக்கு ஆறுதல் உண்டு. தொடங்கியவனுக்கு இரண்டும் இல்லை. அவன் கால் தடுமாறுகிறது. அருகில் நிற்பவர் சிரிக்கிறார். 'நமக்கு இது வேண்டுமா?' என்று அவன் உள்ளமே அவனைக் கேட்கிறது. அப்படிக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் ஒருவரை மனத்தில் வைத்தே இன்று பேச விரும்புகிறேன். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியிலிருந்து வரும் எட்டு வயதுச் சிறுமியாக இருக்கலாம். கல்லூரியில் பயிலும் இளைஞராக இருக்கலாம். இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலை முடித்து வரும், நாற்பதைக் கடந்த தொழிலாளியாகவும் இருக்கலாம். அவர் தொடங்க நினைக்கும் கலை டேக்வாண்டோ.

டேக்வாண்டோ கொரிய நாட்டின் தற்காப்புக் கலை. பெயரிலேயே அதன் பொருள் அடங்கியிருக்கிறது. 'டே' என்பது காலின் வீச்சு. 'க்வான்' என்பது முட்டியின் குத்து. 'டோ' என்பது நெறி. காலும் கையும் முதலில் வர, நெறி இறுதியில் நிற்கிறது. ஆனால் கற்கும்போது இந்த வரிசை தலைகீழாக மாறிவிடுகிறது. நெறி முதலில் வருகிறது; காலும் கையும் அதன் பின்னே வருகின்றன. இந்த மாற்றத்தை உணர்ந்தவனே நல்ல தொடக்கம் செய்தவன் ஆவான்.

இந்தக் கலையின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். டேக்வாண்டோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே இருந்து வருகிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. கொரிய மக்களிடையே பழங்காலத்தில் போர்ப் பயிற்சிகள் இருந்தன என்பது உண்மை. ஜியோங்ஜோ மன்னர் காலத்தில், 1790-ஆம் ஆண்டில், படைவீரர்க்கான பயிற்சி நூல் ஒன்று படங்களுடன் தொகுக்கப்பட்டது. தைக்கியான் என்ற பழைய கால் விளையாட்டும் மக்களிடையே வழங்கியது. அதனை 2011-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இன்று நாம் காணும் டேக்வாண்டோ இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானிய ஆட்சியின்கீழ் இருந்தது. அக்காலத்தில் நாட்டுக் கலைகள் நலிந்தன. படிப்பதற்காக ஜப்பான் சென்ற கொரிய இளைஞர் சிலர் அங்கே கராத்தே பயின்று திரும்பினர். அவர்களுள் ஒருவரான லீ வொன் குக் 1944-இல் சியோல் நகரில் 'சுங் டோ க்வான்' என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் இத்தகைய கூடங்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயரும் ஒரு முறையும் கொண்டிருந்தது.

அவற்றை ஒன்றாக்கப் பொதுப்பெயர் ஒன்று வேண்டியிருந்தது. படைத்தலைவர் சோய் ஹோங் ஹீ முன்மொழிந்த 'டேக்வாண்டோ' என்ற பெயர் 1955-இல் வழக்கிற்கு வந்தது. அதுவும் எளிதில் நிலைக்கவில்லை. 1961-இல் 'டேசூடோ' என்று மாற்றினார்கள்; 1965-இல் மீண்டும் 'டேக்வாண்டோ' என்றே வைத்தார்கள். பின்னர் அமைப்புகளும் இரண்டாயின. 1966-இல் ஒன்று, 1973-இல் மற்றொன்று. இடையே 1972-இல் சியோலில் 'குக்கிவோன்' என்ற தலைமைப் பயிற்சி மன்றம் எழுந்தது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கிலும், 1992-இல் பார்சிலோனாவிலும் காட்சிப் போட்டியாக இருந்த இக்கலை, 2000-ஆம் ஆண்டில் சிட்னியில் பதக்கப் போட்டியாயிற்று.

இவ்வளவையும் நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. உலகமெல்லாம் பரவிய இந்தக் கலையே ஒரு காலத்தில் தன் பெயர் இன்னதென்று தெளியாமல் தடுமாறிய தொடக்க மாணவனாக இருந்தது. பிறரிடம் கற்றுக்கொண்டது, தன்னுடையதை அதில் சேர்த்தது, பலமுறை திருத்திக்கொண்டது. கலைக்கே தடுமாற்றம் உண்டென்றால், கற்பவனுக்கு இருப்பதில் நாணம் என்ன?

'தமிழ்நாட்டில் சிலம்பம் இருக்க, கொரியக் கலை எதற்கு?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிலம்பம் நம்முடைய செல்வம். அதைக் கற்பவர் வாழ்க! ஆனால் ஒரு கலையைக் கற்பவர் மற்றொன்றைப் பழிக்க வேண்டியதில்லை. சிலம்ப ஆசானிடம் சென்று பாருங்கள். கம்பைச் சுழற்ற வேண்டும் என்ற ஆசையோடு வரும் சிறுவனுக்கு முதலில் அவர் கற்பிப்பது எது? காலடி. கால் எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது, எடையை எந்தக் காலில் தாங்குவது என்பவையே முதற் பாடம். டேக்வாண்டோ ஆசிரியரும் அதையேதான் முதலில் கற்பிக்கிறார். கடல் கடந்த இரண்டு நாடுகளின் ஆசான்கள் தம்முள் பேசிக்கொள்ளாமலே ஒரே பாடத்தை முதற் பாடமாக வைத்திருப்பதைக் காணும்போது, அந்தப் பாடத்தின் அருமை நமக்கு விளங்குகிறது.

இனி முதல் நாளுக்கு வருவோம். புதிதாக வருபவருக்கு வெள்ளை உடை தரப்படுகிறது. அதற்கு 'டோபோக்' என்று பெயர். இடுப்பில் கட்டும் கச்சையும் வெள்ளையே. பயிற்சிக் கூடங்களில் இதனைப் 'பெல்ட்' என்றே எல்லாரும் சொல்கிறார்கள். வெள்ளையிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று நிறம் ஏறிக் கருப்பில் முடிவது பெரும்பாலான கூடங்களின் வழக்கம். வெள்ளை எதுவும் எழுதப்படாத தாளுக்கு நிகர். எழுதப்படாத தாள் என்பது இழிவன்று. அதில் பிழை எதுவும் இன்னும் ஏறவில்லை என்பதே அதன் சிறப்பு.

நகம் வெட்டியிருக்கிறதா, கழுத்திலும் காதிலும் அணிகலன் இல்லையா என்று ஆசிரியர் பார்க்கிறார். பிறகு கட்டளைகள் தொடங்குகின்றன. 'சார்யொத்' என்றால் நேராக நில். 'க்யொங்ரே' என்றால் தலைவணங்கு. 'ஜூன்பி' என்றால் ஆயத்தமாகு. 'சிஜாக்' என்றால் தொடங்கு. 'குமான்' என்றால் நிறுத்து. ஹானா, துல், செத், நெத் என்று கொரிய மொழியில் எண்ணிக்கை ஒலிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒரு திடலில், தமிழ்ப் பிள்ளைகள் கொரிய மொழியில் ஒன்று, இரண்டு எண்ணுவது விந்தைதான். ஆயினும் இக்கட்டளைகளின் வரிசையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொடங்கு என்பதற்கு முன்னே வணக்கம் இருக்கிறது. தொடங்கு என்பதோடு சேர்த்தே நிறுத்து என்பதும் கற்பிக்கப்படுகிறது. நிறுத்தத் தெரியாதவனுக்குத் தொடங்கக் கற்பிப்பது ஆபத்து என்பதை இந்தக் கலை அறிந்திருக்கிறது.

முதல் சில வாரங்களில் மாணவன் மிகுதியும் செய்வது நிற்பதுதான். நடக்கும் அளவுக்குக் கால் அகட்டி நிற்பது ஒரு நிலை. முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நெடிதாக நிற்பது ஒரு நிலை. குதிரைமேல் அமர்ந்தவன்போல் இரு முழங்கால்களையும் மடக்கித் தாழ நிற்பது மற்றொரு நிலை. இளைஞர்களுக்கு இது சலிப்பைத் தரும். 'உதைக்கக் கற்றுக்கொள்ள வந்தேன். நிற்க வைத்துவிட்டார்களே' என்று தோன்றும். அவர்களுக்கு ஆடிப்பூரத் தேரை நினைவூட்டலாம். நின்றுகொண்டிருக்கும் தேரை முதல் அங்குலம் நகர்த்துவதற்கு எத்தனை ஆயிரம் கைகள் வடம் பற்ற வேண்டியிருக்கிறது! நகர்ந்த பின் அத்தனை வலிமை வேண்டுவதில்லை. நிலையான பொருளின் உராய்வு, ஓடும் பொருளின் உராய்வைவிட மிகுதி என்று பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பழக்கத்திற்கும் அதே விதிதான். முதல் மாதம் வடம் பிடிக்கும் மாதம். அந்த மாதத்தில் பாதியில் விட்டவர், கலை கடினமானது என்று நினைத்துக்கொண்டே போய்விடுகிறார். உண்மையில் அவர் சந்தித்தது கலையை அன்று, தொடக்கத்தை மட்டுமே.

நிற்கக் கற்றபின் உதைக்கக் கற்கலாம். முன்னுதைக்கு 'ஆப் சாகி' என்று பெயர். பார்ப்பவருக்கு அது ஒரே செயல். கற்பவருக்கு நான்கு செயல்கள். முழங்காலை உயர்த்துவது ஒன்று. காலை நீட்டுவது இரண்டு. நீட்டியதை உடனே மடக்குவது மூன்று. கீழே வைத்து மீண்டும் நிலைகொள்வது நான்கு. தொடங்குபவர் இரண்டாவதில் மட்டுமே கருத்து வைக்கிறார். முதலாவதைச் செய்யாவிட்டால் உதை உயராது. மூன்றாவதைச் செய்யாவிட்டால் எதிரி காலைப் பிடித்துக்கொள்வான். நான்காவதைச் செய்யாவிட்டால் தானே விழுவான். விரல்களைப் பின்னே இழுத்து, முன்பாதத்தின் சதைப்பகுதியால் தொட வேண்டும். இல்லையேல் அடிபடுவது தன் விரலே.

வளைத்து உதைக்கும் 'தொல்யோ சாகி' இன்னும் நுட்பமானது. உதைக்கும் காலைவிட நிற்கும் காலே அதில் முதன்மையானது. நிற்கும் பாதம் தரையில் சுழன்று, குதிகால் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். அது திரும்பாமல் உடல் மட்டும் திரும்பினால் முறுக்கம் முழுவதும் முழங்காலில் இறங்கும். தொடக்க மாணவர்கள் முழங்கால் நோவதாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உதையின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். இயக்க ஆற்றல் எடையோடு ஒரு மடங்கும், வேகத்தோடு இருமடிப் பெருக்கமுமாக வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே பருத்த உடல் உள்ளவரே வல்லவர் என்பதில்லை. இடுப்பைச் சரியாகத் திருப்பி வேகத்தைப் பெறும் மெலிந்த பெண்ணும் வல்லவரே.

அடிப்படைகள் பழகியபின் 'பூம்சே' எனப்படும் கோவைப் பயிற்சி வருகிறது. எதிரே யாரும் இல்லாமல், குறித்த திசைகளில் நடந்தும் திரும்பியும், தடுப்பும் குத்தும் உதையும் குறித்த வரிசையில் செய்வது அது. தொடக்க மாணவர்க்கு எட்டுக் கோவைகள் உண்டு. அவற்றுள் முதலாவது வானத்தைக் குறிக்கும் என்பர். வானத்தைக் குறிக்கும் அந்தக் கோவையில் வியத்தகு பாய்ச்சல் ஏதும் இல்லை. பெரும்பகுதி வெறும் நடக்கும் நிலைதான். எளிய தடுப்புகள், நேர்க்குத்து, முன்னுதை, இவ்வளவே. இராஜபாளையம் வட்டாரத்து நெசவாளர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வார்கள். பாவு ஓட்டும்போது துணி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பாவில் ஓர் இழை தளர்ந்தால், பின்னர் ஊடை எவ்வளவு அழகாக ஓடினாலும் துணியில் அந்தக் குறை தெரியும். பூம்சே பாவு, போட்டி ஊடை.

குழந்தைகளைப் பற்றிச் சில சொற்கள். குழந்தைக்கு இந்தக் கலை முதலில் ஒரு விளையாட்டாக இருக்க வேண்டும். ஓடுவதும் குதிப்பதும் ஒற்றைக்காலில் நிற்பதும் சமநிலை காப்பதுமே சிறு வயதில் போதுமான பாடம். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் நுனிகளில் வளர்ச்சிக்குரிய மென்மையான பகுதி உண்டு. அதன்மேல் தாங்கமுடியாத சுமை ஏற்றுவதும், கால்களை வலிந்து அகட்டி அழுத்துவதும் தீங்கு. அழும் குழந்தையின் காலை அழுத்தி 'இன்னும் கொஞ்சம்' என்னும் ஆசிரியரிடமிருந்து குழந்தையை அன்றே அழைத்து வந்துவிடலாம். போட்டியில் எடைப்பிரிவு உண்டு என்பதற்காக வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவது அதைவிடப் பெருந்தவறு. பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் கருப்புக் கச்சையின் தகுதியை எட்டினாலும் குக்கிவோன் அவர்களுக்கு 'தான்' என்ற பட்டத்தைத் தருவதில்லை. 'பூம்' என்ற வேறு பட்டமே தருகிறது. திறமை வந்திருந்தாலும் பக்குவம் வர வேண்டும் என்பதே இதன் கருத்து.

பெரியவர்களுக்கு வேறு தடை இருக்கிறது. உடலைவிட நாணமே அவர்களைத் தடுக்கிறது. பத்து வயதுப் பையன் சிவப்புக் கச்சையோடு முன்வரிசையில் நிற்க, அவன் தந்தையின் வயதுள்ளவர் வெள்ளைக் கச்சையோடு பின்வரிசையில் நிற்பது அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்தப் பின்வரிசையில் நிற்கும் துணிவுதான் அவர் பெறும் முதற் பயிற்சி. பிள்ளைகள் முன்னே பிழை செய்து, திருத்திக்கொண்டு, மறுநாளும் வருகின்ற ஒரு தந்தையோ தாயோ, படி படி என்று நூறு முறை சொல்வதைவிட மிகுதியாகத் தம் மக்களுக்குக் கற்பித்துவிடுகிறார்.

உடலுக்குரிய எச்சரிக்கைகளும் உண்டு. இதய நோய், இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்வு உள்ளவர் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். பயிற்சி தொடங்கியவுடன் தசைகள் விரைவில் வலுப்பெறும்; தசைநார்களும் மூட்டிணைப்புகளும் மெல்லவே வலுப்பெறும். 'வலிமை வந்துவிட்டது' என்று ஒருவர் எண்ணும் வேளையில் அவருடைய மூட்டு இன்னும் ஆயத்தமாகாமல் இருக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், இடையிடையே ஓய்வு என்று தொடங்குவது நன்று. முதலில் மெல்ல ஓடி உடலைச் சூடாக்க வேண்டும்; நெடுநேரம் தசையை நீட்டி நிற்கும் பயிற்சி முடிவில் வர வேண்டும். முதல் பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை நோவது இயல்பு. மூட்டுக்குள் கூர்மையாகக் குத்தும் வலி இயல்பன்று. நம் பகுதியின் வெயிலுக்குக் காலையும் மாலையும் ஏற்ற வேளைகள். நன்றாக உண்டபின் இரண்டு மணி நேரமாவது கழிய வேண்டும். தண்ணீரை இடையிடையே பருக வேண்டும்.

'என் உடல் இதற்கு ஏற்றதன்று' என்று தயங்குபவர் ஒருவருடைய பெயரை அறிந்துகொள்ள வேண்டும். அரியானா மாநிலத்தைச் சேர்ந்த அருணா தன்வர் என்ற பெண்மணிக்குப் பிறவியிலேயே இரு கைகளிலும் குறை இருந்தது. தோக்கியோவில் 2021-இல் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே இந்தியாவின் சார்பில் அப்போட்டியில் களமிறங்கியவர் அவரே. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் கை இன்னதென்றும் கால் இன்னதென்றும் அளந்து பார்த்துத் தொடங்கவேண்டும் என்று அவர் காத்திருந்தால், இந்தியாவுக்கு அந்த முதலடியே கிடைத்திராது. ஆண்டாளின் பெயரால் உலகறிந்த ஊரில் வாழும் பெண்பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி இக்கலையின் உயிரான பகுதிக்கு வருவோம். அது கட்டுப்பாடு. உலக அமைப்பின் போட்டி விதிகளைப் பாருங்கள். முகத்தில் கையால் குத்தக்கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக்கூடாது, விழுந்தவரைத் தாக்கக்கூடாது, நடுவர் 'கல்யோ' என்று பிரித்தபின் தாக்கினால் தண்டனை. மார்புக் கவசத்தில் முறையாக விழும் குத்துக்கு ஒரு புள்ளி, உதைக்கு இரண்டு, தலையில் படும் உதைக்கு மூன்று, சுழன்று உதைத்தால் இன்னும் மிகுதி. செய்யக்கூடியவற்றைவிடச் செய்யக்கூடாதவற்றை நினைவில் வைப்பதே கடினம். கூடத்திலும் அப்படித்தான். தோழனின் முகத்துக்கு ஓரங்குலம் முன்னே உதையை நிறுத்தக் கற்பவன், அதை அடிக்கக் கற்றவனைவிடத் தேர்ந்தவன். நம் நாட்டுத் தேரோட்டங்களில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரைக் கண்டிருப்பீர்கள். வடம் இழுப்பவர் பல்லாயிரவர். கட்டை போடுபவர் சிலர். அந்தச் சிலர் இல்லையென்றால் தேர் வீதிக்கு வராமலிருப்பதே நல்லது.

இராஜபாளையம் நாயை நாடறியும். 2005-இல் இந்திய அஞ்சல் துறை அதன் உருவில் தபால்தலையே வெளியிட்டது. அந்த நாய் காவலுக்குப் பெயர் பெற்றது. காண்பவரையெல்லாம் கடிக்கும் நாயை எந்த வீட்டிலும் காவலுக்கு வைப்பதில்லை. யாரைக் கடிக்கக்கூடாது என்று அறிந்திருப்பதே காவல் நாயின் தகுதி. வலிமை பெற்ற மனிதனுக்கு இதைவிடக் கூடுதலான தகுதி வேண்டாமா? வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். 'அடக்கமுடைமை' என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். டேக்வாண்டோ கற்கும் தமிழ் மாணவன் இரண்டையும் ஒருங்கே படிக்க வேண்டும்.

தெருவில் சண்டை வந்தால் என்ன செய்வது? இளைஞர்கள் தயங்காமல் கேட்கும் கேள்வி இது. முதலில் விலகிச் செல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும். உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும். கத்தியோடு வருபவனை உதைத்து வீழ்த்துவது திரைப்படத்தில் எளிது. வாழ்க்கையில் ஓடுவதே அறிவு. வேறு வழியே இல்லாதபோது தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளச் சட்டம் உரிமை தருகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இந்தத் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தருவதில்லை. ஓடுகின்றவனைத் துரத்திச் சென்று அடிப்பது தற்காப்பு ஆகாது. பள்ளியில் தன்னைக் கேலி செய்தவனை உதைத்துவிட்டு, 'கற்றதைச் செய்து பார்த்தேன்' என்று ஒரு மாணவன் சொன்னால், அவன் கால் கற்றது, அவன் கற்கவில்லை.

நல்ல ஆசிரியரை எப்படி அறிவது? சேர்வதற்கு முன் ஒருநாள் வகுப்பைப் பார்க்க அவர் இசைகிறாரா? பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா? அவருடைய தகுதிச் சான்று எந்த அமைப்பினுடையது என்று கேட்டால் தயங்காமல் காட்டுகிறாரா? புதியவரைத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் பல்கவசமும் இன்றி மோதலுக்கு அனுப்புகிறாரா? அடிபட்டால் செய்யவேண்டிய முதலுதவி அவருக்குத் தெரியுமா? பின்வரிசையில் நிற்கும் மந்தமான மாணவனிடம் அவர் எப்படிப் பேசுகிறார்? முன்வரிசை வீரனைக் கொண்டு ஆசிரியரை எடைபோட வேண்டாம். பின்வரிசை மாணவனைக் கொண்டு எடைபோடுங்கள்.

கச்சையின் நிறத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம், கட்டணத்திற்கு ஒரு நிறம் என்று ஆகிவிட்டால் கலை போய் வாணிகம் நிற்கும். ஒழுங்காகப் பயில்பவருக்கும் கருப்புக் கச்சை பெற மூன்று நான்கு ஆண்டுகள் ஆவது வழக்கம். அதன்பின் குக்கிவோன் வைத்திருக்கும் முறை சிந்திக்கத்தக்கது. முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்குக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதிலிருந்து மூன்றாம் படிக்கு இரண்டாண்டு. அதிலிருந்து நான்காம் படிக்கு மூன்றாண்டு. ஏற ஏறக் காத்திருப்பு நீள்கிறது. விரைவில் உயர்த்துவதாக ஒருவர் வாக்களித்தால், அவர் இந்த ஏணியை அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர்.

மாணவ நண்பர்களே, கருப்புக் கச்சை பெற்ற ஒருவர் பல ஆண்டுகள் அதையே கட்டிப் பயின்றால் என்ன ஆகும் தெரியுமா? கருநிறத் துணி மெல்லத் தேய்கிறது, மேலிழைகள் உதிர்கின்றன, உள்ளே இருக்கும் வெள்ளை நூல் அங்கங்கே தோன்றத் தொடங்குகிறது. உழைத்த கச்சை மீண்டும் வெள்ளையை நோக்கியே செல்கிறது. தொடக்க மாணவனின் நிறம் அதற்குள் எப்போதும் இருந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே, வாசலில் நின்று தயங்குபவர் உள்ளே வரட்டும். வயது எட்டானாலும் நாற்பத்தெட்டானாலும் வரட்டும். உயரமாக உதைக்க முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முழங்கால் உயரம் போதும். முதலில் வணங்கக் கற்கட்டும். பிறகு நிற்கக் கற்கட்டும். பிறகு உதைக்கவும், உதைத்த காலை நிறுத்தவும் கற்கட்டும். நாளை காலை அரைமணி நேரம் முன்னதாக எழுவது என்ற ஒரு சிறு முடிவு போதும். அந்த முடிவை எடுத்தவர் வெள்ளைக் கச்சையை ஏற்கனவே கட்டிக்கொண்டவராவார்.